கம்ப்ரஸருக்குப் போர்த்திய போர்வை

எங்கள் ஊரில் கல்ஃபுக்கு ஆள் போன எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் ஒரு போர்வை இருக்கும். தடிமனான, வழுவழுப்பான, தூக்க இரண்டு கையும் வேண்டியிருக்கிற போர்வை. ஒரு பக்கம் ரோஜாப்பூ, இல்லாவிட்டால் புலி. மரக்காணத்தில் மார்கழியிலும் ஃபேன் போட்டுத்தான் தூங்குகிறோம். ஆனாலும் லீவில் வருகிற ஆண்கள் அதைக் கயிறு போட்டுக் கட்டி விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். வீட்டுப் பெண்கள் அதை உள்ளே வைத்து, அந்துருண்டை போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை வெயிலில் காய வைப்போம்.

எங்கள் வீட்டில் இருந்தது புலி. கல்யாணத்துக்குப் பிறகு முதல் லீவில் வந்தபோது என் கணவர் கொண்டுவந்தது.

"இது எதுக்கு மச்சான்? இத போர்த்திக்கினா வெந்தே போயிடுவோம்" என்றேன்.

"இருக்கட்டும்டி. அங்க எல்லாரும் வாங்கறாங்க" என்றார். அவர் சொன்ன காரணம் அவ்வளவுதான்.

அவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். கட்டடங்களின் மொட்டைமாடியில் வரிசையாக நிற்கிற பெரிய யூனிட்டுகளைப் பார்த்துக்கொள்வது வேலை. உள்ளே இருக்கிறவர்கள் குளிரில் இருக்க, இவர் மேலே நெருப்பில் நிற்க வேண்டும். தலையில் ஈரத் துண்டைப் போட்டு அதற்கு மேல் தொப்பி வைத்துக்கொள்வாராம். கம்ப்ரஸர் சூடேறி அடிக்கடி நின்றுபோனால் அதன் தலையிலும் ஒரு ஈரத் துணியைப் போட்டுவிடுவாராம். "நமக்கு ஒரு துண்டு, அதுக்கு ஒரு துண்டு" என்று சிரிப்பார். லீவு முடிந்ததும் போய்விடுவார். அவர் வந்து இறங்கி, பெட்டியைத் திறந்து, சாக்லேட்டைக் கையில் கொடுத்த உடனேயே எங்கள் மகள் கேட்கிற கேள்வி, "அத்தா எப்ப திரும்பிப் போவீங்க?" என்பதுதான். அவள் குறும்பாகக் கேட்கவில்லை. விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி மரியாதையாகத்தான் கேட்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கும்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். படித்ததை எட்டாக மடித்து வைத்துவிட்டுப் பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற ஒரு உப்பு ஆலையில் தரம் பார்க்கிற வேலைக்குப் போனேன். உப்பளத்தில் வாரிக் குவிக்கிற உப்பு அப்படியே பாக்கெட்டுக்குள் போய்விடாது. கழுவி, நீரை வடித்து, சூடான காற்றில் உலர்த்த வேண்டும். அந்தக் காற்றுக்காக ஆலையில் நாள் முழுக்கச் சவுக்கு விறகு எரியும். புகை எங்கள் முக்காட்டுத் துணியில்கூடப் படிந்திருக்கும். விறகுக்குப் பதிலாக ஒரு ஹீட் பம்ப் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். உலர்த்துகிற டிரம்மிலிருந்து ஈரத்தோடு வீணாக வெளியே போகிற சூட்டைப் பிடித்து ஒரு கேஸுக்குக் கொடுப்பது, அந்த கேஸை கம்ப்ரஸரில் விட்டு அழுத்துவது, அப்போது அது தண்ணீர் கொதிக்கிற சூட்டையும் தாண்டிப் போகும், அந்தச் சூட்டைத் திரும்பவும் உலர்த்துகிற காற்றுக்கே கொடுப்பது. வீட்டு ஏசி செய்கிற அதே வேலைதான். ஏசிக்குக் குளிர் வேண்டும், சூட்டை வெளியே தள்ளிவிடும். இதற்கு அந்தச் சூடுதான் வேண்டும். மெஷின் வரைபடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள் என்று பேராசிரியர் என்னை அந்த வேலைக்கு மாற்றிக்கொண்டார்.

மெஷினை ஓட்ட, கேஸ் வேலை தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது என் கணவர் லீவில் வீட்டில் இருந்தார். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவர் பெயர்தான் வாயில் வந்தது. முதலாளி பெருமுக்கல் பக்கத்து ஆள். விவசாயக் குடும்பம், உப்பளமும் உண்டு, அதிகம் பேசமாட்டார். "உன் வூட்டுக்காரரையே வரச் சொல்லும்மா. மெஷின் நல்லா ஓடிச்சின்னா பர்மனென்டா வச்சிக்கலாம்" என்றார். என் கணவர் திரும்பிப் போகிற டிக்கெட்டை ரத்து செய்தார். நிலைமை இதுதான்: மெஷின் ஓடினால் அவர் ஊரில் இருப்பார். ஓடாவிட்டால் மறுபடியும் குவைத். மற்றவர்களுக்கு அது ஆராய்ச்சி. எங்களுக்கு அது குடும்பம்.

அந்தச் சில மாதங்கள் இப்போதும் அப்படியே நினைவில் இருக்கின்றன. காலையில் மகளை ஸ்கூலில் விட்டுவிட்டு அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஆலைக்குப் போவேன். இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் பளபளக்கும். அவர் சத்தமாக ஏதாவது பேசுவார், காற்றில் பாதிதான் காதில் விழும், நான் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்பேன். "ஆமான்னு சொல்றியே, நான் இன்னா கேட்டேன் தெரியுமா? ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கட்டுமான்னு கேட்டேன்" என்பார். முதுகில் ஒரு குத்து விடுவேன். மகள் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதை நாங்கள் இருவருமே கவனித்தோம். ஆனால் பேசிக்கொள்ளவில்லை, பேசினால் கண் பட்டுவிடும் என்கிற பயம்.

மெஷின்தான் சரியாக ஓடவில்லை. கரண்ட்டை இழுத்துத் தின்றது, கணக்குப்படி வர வேண்டிய சூடு வரவில்லை. ஓடத் தொடங்கும்போது உள்ளே லேசாகக் கடகடவென்று ஒரு சத்தம். எண்ணெய் மட்டம் பார்க்கிற கண்ணாடியில் சில நேரம் சோப்பு நுரை மாதிரி பொங்கும். பேராசிரியர் வந்து வந்து பார்த்தார். இந்த வகை கேஸ் புதிது, கம்ப்ரஸரின் நடத்தை இன்னும் முழுசாகப் புரியவில்லை என்று உண்மையையே சொன்னார். முதலாளி தன் பங்குக்கு, பாவம் மெஷின் புழுங்குகிறது என்று கடல் பக்கத்து ஜன்னல்கள் இரண்டையும் கழற்றிவிட்டார். மதியமானால் கடற்காற்று நேராக வந்து கம்ப்ரஸர் மேல் அடிக்கும்.

என் கணவருக்கு அந்தக் காற்றும் போதவில்லை. "கைய வைக்க முடியலடி. இப்படிக் காஞ்சா எந்த கம்ப்ரஸர் தாங்கும்?" என்பார்.

"மச்சான், இது சூடா இருக்கறதுக்குத்தான் செஞ்ச மெஷின். பயப்படாதீங்க."

"தெரியுது, தெரியுது" என்பார். தலைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாக ஒரு கம்ப்ரஸர் சூடானால் அதைக் குளிர வைக்க ஓடிய கை அது. அந்தக் கைக்கு யார் சொல்லிப் புரியவைப்பது?

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்காக மதியம் மெஷினை நிறுத்திவிட்டுப் போக முதலாளி அனுமதித்திருந்தார். என் கணவர் கை கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். நான் பாக்கெட் போடுகிற பெண்களோடு தாமதமாகத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். தொழுதுவிட்டு வந்து அவர் மெஷினைப் போட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டது. முதலில் அந்தக் கடகட, பிறகு இரும்பை இரும்பில் அறைகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை. நான் சாப்பாட்டுக் கையோடு ஓடினேன். அவர் சுவிட்சை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கோணிச்சாக்கு கிடந்தது. உப்பு மூட்டைக்கு வைத்திருந்த சாக்கு. தண்ணீர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

முதலாளி வந்ததும் என் கணவரே சாக்கை எடுத்துக் காட்டினார். "நான்தாங்க போட்டுட்டுப் போனேன். நாம போய் தொழுதுட்டு வர்றவரைக்கும் அதுவும் கொஞ்சம் இளைப்பாறட்டும்னு" என்றார்.

இந்த உலகத்தில் வேறு யார் ஒரு மெஷினைப் பற்றி அப்படி நினைப்பார்கள்? எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

பேராசிரியர் வந்து கம்ப்ரஸரைப் பிரித்தார். உள்ளே சுழல்கிற தண்டைத் தாங்குகிற பேரிங்குகள் எல்லாம் தேய்ந்துபோயிருந்தன. நடந்ததை அவர் விளக்கினார். மெஷின் நிற்கும்போது உள்ளே இருக்கிற கேஸ் எங்கே குளிர்ச்சியோ அங்கே தேடிப் போய்த் திரவமாகிவிடும். ஈரச் சாக்கும் கடற்காற்றும் சேர்ந்து அந்த இடத்திலேயே குளிர்ச்சியான பொருளாக கம்ப்ரஸரை ஆக்கிவிட்டன. கேஸ் முழுக்க எண்ணெயில் போய்க் கரைந்துவிட்டது. போட்டதும் எண்ணெய் நுரைத்துப் பொங்கி வெளியேறி, இரும்பு வெறும் இரும்பில் உரசியது. யார் மேலும் அவர் குற்றம் சொல்லவில்லை. முதலாளியும் சொல்லவில்லை. "ஜன்னலக் கழட்டினது நான்தானப்பா. வுடு. வேற ஒண்ணு வரும். நீ எங்கயும் போவாத" என்றார்.

இவருக்குத்தான் மனசு ஆறவில்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். நான் எவ்வளவோ சொன்னேன். குயிலாப்பாளையத்தில் தெருவுக்குத் தெரு கெஸ்ட் ஹவுஸ், எல்லா அறையிலும் ஏசி, சர்வீஸ் எடுத்தால் போதும் என்றேன்.

"பொண்டாட்டி வேலை வாங்கிக் குடுத்த எடத்துலயே போய் மெஷின ஒடச்சிட்டு வந்தவன்னு நாலு பேரு பேசுவாங்க" என்றார்.

"அந்த நாலு பேரும் வந்து உங்க புள்ளைக்கு அத்தாவா இருப்பாங்களா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். கத்தினதற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. இன்னும் சத்தமாகக் கத்தியிருப்பேன், அவர் நின்றிருப்பார் என்றால். பழைய இடத்திலேயே விசா கேட்டு வாங்கிவிட்டார். சென்னை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனோம். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை எப்போது திரும்பி வருவீர்கள் என்றும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு புது கம்ப்ரஸர் வந்து இறங்கியது. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும், பிறவிக் குணம். ஒரு தடவை சாக்கு போட்டதால் செத்தது சரி, அதற்கு முன்னாலும் அந்தக் கடகட இருந்ததே, நுரை இருந்ததே, ஏன் என்று யோசித்தேன். நாங்கள் எல்லோரும் கம்ப்ரஸர் அதிகமாகச் சூடாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது போதுமான சூட்டில் இல்லை. மற்ற கேஸ் எல்லாம் அழுத்தினால் இன்னும் நன்றாகக் காயும். இந்த கேஸ் அப்படியில்லை. உள்ளே போகும்போதே கொஞ்சம் கூடுதல் சூட்டோடு போகாவிட்டால் அழுத்துகிற வழியிலேயே ஈரமாகிவிடும். அந்த ஈரம்தான் சத்தம், அதுதான் நுரை, அதில்தான் கரண்ட் வீணாகிறது. நிற்கும்போது மட்டுமல்ல, ஓடும்போதும் கடற்காற்று அதன் சூட்டைத் திருடிக்கொண்டிருக்கிறது.

முதல் வேலையாக ஜன்னல்களை மாட்டச் சொன்னேன். வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து புலியை எடுத்தேன். மறுநாள் கம்ப்ரஸரின் உடம்பைச் சுற்றிப் போர்த்தி, கயிறு போட்டுக் கட்டினேன். தொடக்கூடாத அளவுக்குச் சூடாகிற தலைப் பகுதியையும் மோட்டார் பக்கத்தையும் மட்டும் வெளியே விட்டேன். முதலாளி வாயைத் திறந்தபடி பார்த்தார். பாக்கெட் பெண்கள் வந்து, "இன்னாக்கா, மெஷினுக்கு ஜுரமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மெஷினைப் போட்டேன். கொஞ்ச நேரம் கடகட. பிறகு மெதுவாகக் குறைந்தது. பிறகு இல்லை. கண்ணாடியில் எண்ணெய் தெளிந்து நின்றது. பேராசிரியரிடம் ஃபோனில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாளே வந்துவிட்டார். எண்ணெயைக் கதகதப்பாக வைத்திருக்க அடியில் ஒரு ஹீட்டர் வைத்தார். சூடாகத் திரும்புகிற குழாயை, உள்ளே போகிற கேஸ் குழாயோடு ஒட்டிப் போக விட்டு, கேஸ் சூடாகிக்கொண்டே போகும்படி மாற்றினோம். அதே கரண்ட்டில் காற்றின் சூடு ஏறிக்கொண்டே போனது. கொஞ்ச நாளில் சவுக்கு அடுப்பை அணைத்தார்கள்.

போர்வை போர்த்திய மெஷினை வீடியோ காலில் அவருக்குக் காட்டினேன். அவர் மொட்டைமாடி நிழலில் நின்றுகொண்டிருந்தார், தலையில் ஈரத் துண்டு.

"ஏய், என் புலியக் கொண்டுபோய் மெஷினுக்குப் போர்த்திட்டியா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நான் அத குளுர வச்சேன். நீ போர்த்தி உட்டிருக்கற" என்றார்.

"போதும் மச்சான். மெஷின் ஓடுது. முதலாளி உங்களத்தான் கேக்கறாரு. வந்துடுங்க."

"நெஜமாவே கேட்டாரா?" என்றார். முதலாளியிடமே ஃபோனைக் கொடுத்தேன். "வாப்பா சீக்கிரம்" என்று ஒரே வார்த்தை சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். வியர்வை என்று சொன்னார்.

"நோன்புக்கு வந்துர்றேன், இன்ஷா அல்லாஹ். இந்த வெயில் காலம் மட்டும் முடியட்டும்."

வெயில் காலம் முடியவில்லை. ஒரு மதியம் நான் ஆலையில் இருந்தபோது, அவரோடு அறையில் தங்கியிருந்தவர் கூப்பிட்டார். மாடியில் யூனிட்டுக்குப் பக்கத்தில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் மவுத்தாகிவிட்டாராம். உடம்பெல்லாம் நெருப்பாகக் கொதித்ததாம், தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்களாம். கூப்பிட்டவர் அழுதுகொண்டே சொன்னார். எனக்குப் பின்னால் மெஷின் சத்தமில்லாமல் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. அதை எட்டி உதைக்க வேண்டும் என்று தோன்றியது.

உடம்பு ஊருக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்து முகத்தைக் காட்டினார்கள். நெற்றியில் கை வைத்தேன். அப்படி ஒரு குளிர்ச்சியை நான் தொட்டதில்லை. கொதித்தது என்றார்களே, எங்கே போனது அந்தச் சூடெல்லாம்? துக்கத்துக்கு வந்து வாசலில் நின்ற முதலாளியைப் பார்த்து, "அந்தப் போர்வைய எடுத்துக்கினு வாங்க, அவருக்குக் குளிருது" என்று சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. பெண்கள் என்னைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தார்களாம். வெள்ளைக் கபன் துணியோடு அவரைக் கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோனார்கள்.

கணவன் இறந்தால் இருக்கிற இத்தாவில், நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். ஆலையிலிருந்து எப்போதாவது ஃபோன் வரும். முதலாளி ரொம்பத் தயங்கி, "சூடு கொஞ்சம் எறங்குதும்மா, இன்னா பண்றது?" என்பார். "ஜன்னல் தொறந்து இருக்குதா பாருங்க" என்பேன். திறந்துதான் இருக்கும். எனக்கு அவர் மேல் கோபம் வராது. என் கோபமெல்லாம் ஒரே ஆள் மேல்தான். ஒரு கம்ப்ரஸர் போனதற்காக இப்படியா போவார்கள்? மெஷின் வரும், போகும். நாலு பேர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டுமே.

இத்தா முடிந்து நான் போனபோது மழைக்காலம். உப்பளமெல்லாம் வெறும் தண்ணீர். கம்ப்ரஸருக்கு அளவெடுத்துத் தைத்த உறை சென்னையிலிருந்து வந்திருந்தது. அதை மாட்டுவதற்காக அப்போதுதான் மெஷினை நிறுத்திப் போர்வையை அவிழ்த்திருந்தார்கள். எண்ணெய்க் கறையும் உப்பும் படிந்து புலியின் முகம் தெரியவில்லை. குப்பையில் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். அது சூடாக இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி கை மாற்றி மாற்றிப் பிடித்து, உட்புறம் உள்ளே போகும்படி சின்னதாக மடித்தேன்.

உறையை மாட்டுகிறவரைகூட நிற்கவில்லை. கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. ஷட்டரை இறக்கினேன். "இன்னாம்மா, காத்தே வரல" என்று பக்கத்திலிருந்தவர் முணுமுணுத்தார். காற்று பட்டால் சூடு போய்விடும் என்று இந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? துப்பட்டியால் மூடி மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வயிற்றில் அந்தக் கதகதப்பு பட்டுக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிரிக்கவில்லை. நடு மடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இருந்தது. மகள் ஸ்கூலிலிருந்து வருகிறவரை இருந்தால் போதும் என்று கதவைச் சாத்திவிட்டு, ஃபேனைப் போடாமல், அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நனைந்துகொண்டு வந்தாள். பையைக்கூட இறக்கவிடாமல் அவள் கையைப் பிடித்து மடிப்புக்குள் விட்டேன்.

"இன்னாம்மா?" என்றாள்.

"தொட்டுப் பாரு. சூடா இருக்குது பாரு."

அவள் கையை உள்ளே நன்றாக விட்டுத் துழாவினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லியேம்மா. சில்லுனுதான் இருக்குது" என்றாள்.